சிறு விமானத்தை மட்டம் வைக்க: டயர் காற்றா, ஜாக்கியா?

ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நிறுத்தி வைத்த விமானம் பார்க்க நேராக நிற்பது போலத்தான் இருக்கும். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மூக்குச் சக்கர விமானம் கொஞ்சம் முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும். வால் சக்கர விமானம் கேட்கவே வேண்டாம், வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். எடை போடும்போதும், இறக்கைக் கோணம் சரிபார்க்கும்போதும் இந்தச் சாய்வு ஆகாது.

எது மட்டம் என்பதைத் தரையும் சொல்லாது, கண்ணும் சொல்லாது. தயாரித்தவர் கையேட்டில் காட்டிய இடம்தான் சொல்லும். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் வால்பகுதியின் இடப்பக்கத்தில் அதற்கென்றே இரண்டு திருகுகள் உண்டு. பைப்பர் செரோக்கி என்ற இன்னொரு சிறு விமானத்தில் இடப்பக்க ஜன்னலுக்குக் கீழே. திருகுகளைக் கொஞ்சம் வெளியே எடுத்து, அவற்றின் மேல் ரசமட்டத்தை வைக்க வேண்டும்.

ஒரு டிகிரி தப்பினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 750 கிலோ விமானம், எடை மையம் (மொத்த எடையும் சமநிலையில் நிற்கும் புள்ளி) தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், மூக்குச் சக்கரத்துக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே 1.65 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூக்கு 1 டிகிரி தூக்கியிருந்தால் எடை மையம் சுமார் 17 மில்லிமீட்டர் பின்னால் இருப்பதாகக் கணக்கு காட்டும். மூக்குச் சக்கரத் தராசில் 8 கிலோ வரை குறையும். மொத்த எடை மட்டும் அப்படியே சரியாக வரும். அதனால்தான் இந்தத் தப்பு கண்ணில் படாமல் காகிதத்தில் ஏறிவிடுகிறது.

சரி, மட்டத்துக்குக் கொண்டுவர என்ன வழி? எடை போடுவதற்கு என் ஓட்டு மூக்கு டயரின் காற்றை இறக்குவதற்குத்தான். மூன்று சக்கரங்களையும் தராசுகளின் மேல் ஏற்றிவிட்டு, ஒருவர் ரசமட்டத்தைப் பார்க்க, இன்னொருவர் வால்வு ஊசியை அழுத்த வேண்டும். காற்று சீறும், குமிழி ஊர்ந்து வரும். கோட்டை நெருங்கும்போது சிறுசிறு அழுத்தமாக விட வேண்டும். ஆர்வத்தில் ஒரு விநாடி கூடுதலாக அழுத்தினால் அந்தப்பக்கம் ஓடிவிடும், அப்புறம் பம்பைத் தேடிப் போக வேண்டும். அதனால் பம்பை முதலிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

டயருக்குப் பதில் மூக்குக் காலின் அதிர்வுத்தாங்கியில் இருந்து காற்றை விடலாம். கையேடும் அனுமதிக்கிறது. எனக்கு அதில் பிடித்தம் இல்லை. அவசரமாகத் திறந்தால் காற்றோடு எண்ணெயும் வரும்; வேலை முடிந்ததும் இரண்டையும் நிரப்பி, நீட்சியை அளந்து சரிசெய்ய வேண்டும். இன்னொரு தொல்லை, உள்ளே இருக்கும் சீல்களின் பிடிப்பு. குமிழி நடுவில் நிற்கிறதே என்று நினைப்போம். வாலை லேசாக அமுக்கி விட்டுப் பார்த்தால் வேறு இடத்தில் வந்து நிற்கும். எந்த முறையில் செய்தாலும் இந்த அமுக்கிப் பார்க்கும் சோதனை ஒருமுறை அவசியம்.

ஜாக்கிக்காரர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஜாக்கித் தலைக்கும் விமானத்தின் ஜாக்கிப் புள்ளிக்கும் நடுவே எடையுணரியை வைத்தால் டயரும் இல்லை, அதிர்வுத்தாங்கியும் இல்லை. முன்பின் சாய்வையும் பக்கச் சாய்வையும் திருகித் திருகித் துல்லியமாகப் பிடிக்கலாம். சக்கரத்தை உள்ளிழுத்துப் பார்க்கும் சோதனை என்றால் வேறு வழியே கிடையாது. ஆனால் ஆபத்தும் அங்கேதான். செரோக்கியை இறக்கை ஜாக்கிகளில் தூக்கும்போது வாலைப் பிடித்துவைக்கும் தாங்கியின் அடியில் சுமார் 250 பவுண்டு பாரம் வைக்கச் சொல்கிறது கையேடு. அது இல்லாமல் தூக்கினால் மூக்கு கவிழ்ந்துவிடும். எல்லா ஜாக்கியும் ஒரே சீராக ஏற வேண்டும், ஜாக்கி திடீரென இறங்காமல் தடுக்கும் பூட்டு வளையத்தை உடனுக்குடன் இறக்கி வர வேண்டும், உள்ளே யாரும் இருக்கக் கூடாது. வெறும் எடைக்காக இவ்வளவு ஏற்பாடு தேவையா என்பதுதான் என் கேள்வி.

இதில் ஒரு வேடிக்கை: டயர் வழி எளிது என்று சொல்கிறேனே, செரோக்கியில் பின் கால்களின் அதிர்வுத்தாங்கிகளை முழுதாக நீட்டிக் கட்டை கொடுத்த பிறகுதான் மூக்கு டயருக்கு வர வேண்டும். கால்கள் முழுதாக நீள விமானத்தைத் தூக்கித்தானே ஆக வேண்டும்? செஸ்னாவின் வளைந்து கொடுக்கும் எஃகுக் கால்களில் அந்தப் பிரச்சினை இல்லை, வேறொன்று உண்டு. தூக்கி இறக்கினால் கால்கள் உள்வாங்கியபடியே நின்றுவிடும். டயர் தரையைப் பிடித்துக்கொள்வதால் விரியாது. முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டினால்தான் இயல்பு நிலைக்கு வரும். தராசின் மேல் நிற்கும்போது பிரேக்கை விட்டுவைக்கச் சொல்வதும் இதற்கு நெருங்கிய காரணம்தான்: பக்கவாட்டு இழுப்பு தராசின் கணக்கைக் கெடுக்கும்.

வால் சக்கர விமானத்துக்கு இந்த விவாதமே இல்லை. வாலைத் தூக்கி ஒரு தாங்கியில் வைத்து, தாங்கியைத் தராசில் வைத்து, பிறகு தாங்கியின் எடையைக் கழிக்க வேண்டும். கழிக்க மறப்பதுதான் இங்கே வழக்கமான பிழை.

எதை வைத்துப் பார்ப்பது என்பது அடுத்த சண்டை. டிஜிட்டல் கோணமானி 0.1 டிகிரி வரை எண்ணாகவே காட்டும், அதனால் இளைஞர்களுக்கு அதன் மேல்தான் நம்பிக்கை. ஆனால் எதன் மேல் வைத்துப் பூஜ்ஜியம் செய்தோமோ அதைத்தான் அது மட்டம் என்று நம்பும். சாய்ந்த மேஜையில் பூஜ்ஜியம் செய்துவிட்டு விமானத்தில் வைத்தால், தவறான பதிலைத் தசமப் புள்ளியோடு சொல்லும். நல்ல ரசமட்டத்தைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும்: அதே இடத்தில் முன்பின் திருப்பி வைத்தால் குமிழி அதே கோட்டில் நிற்க வேண்டும். விமானத்தை மட்டம் வைக்க எனக்கு ரசமட்டம். ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) எத்தனை டிகிரி அசைகிறது என்று பார்க்க டிஜிட்டல். அந்த வேலைக்குப் பெரும்பாலும் விமானத்தை மட்டம் வைக்கவே தேவையில்லை. நடுநிலையில் பூஜ்ஜியம் செய்துவிட்டு வித்தியாசத்தைப் படித்தால் போதும். செல்போன் செயலி வேண்டாம், பின்னால் துருத்தும் கேமராவே அதைச் சாய்த்துவிடும்.

இறக்கைக்கு இறக்கை உயரம் ஒப்பிடத் தண்ணீர் ஊற்றிய டியூப் லெவல் இன்னும் நல்ல கருவி. குழாய்க்குள் காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது.

தூக்குகுண்டைப் பழங்காலச் சாமான் என்று ஒதுக்கியவர்கள்கூட செஸ்னாவை எடை போடும்போது அதைத் தேடி எடுக்கத்தான் வேண்டும். குமிழி நடுவுக்கு வந்த பிறகு, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புச் சுவரில் இருந்து குண்டைத் தொங்கவிட்டு, பின் சக்கர மையங்களுக்கு இடையே இழுத்த நூல் வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் குண்டை ஒரு டப்பா எண்ணெய்க்குள் தொங்கவிட்டால் அடங்கிவிடும். ஹேங்கர் கதவையும் சாத்திவிட வேண்டும். இறக்கையில் படும் சிறு காற்றுக்கே தராசின் எண்கள் துள்ளும்.

அளவுகளை எழுதியாயிற்று என்றால் முதல் வேலை மூக்கு டயருக்குக் காற்று அடிப்பது. விமானத்தை இழுத்துப் போகும் இழுவைக் கம்பியை மாட்டுவது அதற்கு அப்புறம்தான்.