பஸ் விபத்தில் அடிபட்டவர்கள் கவனத்துக்கு: வார்டுக்கே தேடி வரும் கேஸ் புரோக்கர்

ராமேசுவரம், தங்கச்சிமடம், உச்சிப்புளி, தொண்டி, சாயல்குடி என்று இந்தக் கடற்கரையில் எங்கே பஸ் விபத்து நடந்தாலும், சொந்தக்காரர்கள் வந்து சேருமுன் ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் நிற்பார். "ஒரு பைசா செலவில்லை அக்கா, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம், வர்றதுல முப்பது பர்சன்ட் குடுத்தாப் போதும்" என்பார். அவர் வக்கீலும் இல்லை, பெரும்பாலும் வக்கீல் குமாஸ்தாவும் இல்லை. கேஸ் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிற ஆள்.

அப்படி ஒருவரிடம் சிக்கிய குடும்பத்தின் கேஸ் கட்டில் இருந்ததைச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம். பாசி எடுக்கும் பெண், வயது 38. டிரைவர் திடீரென பிரேக் போட்டதில் படிக்கட்டில் விழுந்து வலது மணிக்கட்டு உடைந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். கட்டுப் போட்ட கையோடு இருந்தவரிடம் இடது பெருவிரல் ரேகை வாங்கியிருக்கிறார்கள்: வெற்று வக்காலத்து (வக்கீலை நியமிக்கும் தாள்) மூன்று, எதுவும் எழுதாத 20 ரூபாய் பத்திரம் இரண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியும் எக்ஸ்ரேயும் ஒரிஜினலாகவே போய்விட்டன. கை தேறியதும் புதிதாக ஒரு வங்கிக் கணக்கு திறக்க வைத்து, தொகை எழுதாத காசோலைகளில் கையெழுத்து வாங்கியாயிற்று. மனு வேறு மாவட்டக் கோர்ட்டில், அவர் ஒரு நாளும் குடியிருக்காத முகவரியில் தாக்கலானது. யாரும் ஆஜராகாமல் ஒரு முறை தள்ளுபடியானது. பிறகு மக்கள் நீதிமன்றத்தில் சமரசம். பணம் கணக்குக்கு வந்த அன்றே காசோலை வழியாக வெளியேறியது. அவர் கைக்கு வந்தது பாதிகூட இல்லை.

இதில் எதுவும் கோர்ட் ஹாலில் நடந்த மோசடி அல்ல. முதல் வாரத்திலேயே, கட்டில் ஓரத்தில் வைத்து முடித்த வேலை.

முதலில் ஏ.ஆர். காப்பி. அவசரப் பிரிவில் டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டில், எப்படி அடிபட்டது என்று ஒரு வரி இருக்கும். "கீழே விழுந்துட்டேன்" என்று சொன்னால் அதையேதான் எழுதுவார்கள். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டுவது இந்த வரியைத்தான். எந்த பஸ், எந்த இடம், எத்தனை மணி, ஏறும்போதா, இறங்கும்போதா, ஓடும்போதா என்று தெளிவாகச் சொல்லுங்கள். பேச முடியாத நிலை என்றால் கூட வந்தவர் சொல்லட்டும். டிக்கெட்டை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். மெஷின் டிக்கெட் வியர்வையும் வெயிலும் பட்டால் சீக்கிரமே வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.

எஃப்.ஐ.ஆர். காப்பி புகார் கொடுத்தவருக்கு இலவசம். அதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-உடன் (கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுதல்) 125(பி) பிரிவும் (கொடுங்காயம்) இருக்கிறதா பாருங்கள். எலும்பு முறிவு என்றாலே சட்டப்படி அது கொடுங்காயம். முறிவு இல்லாவிட்டாலும் 15 நாள் கடும் வலி அல்லது வழக்கமான வேலையைச் செய்ய முடியாத நிலை இருந்தால் அதுவும் கொடுங்காயமே. 2022 முதல் நடப்பில் உள்ள விதிப்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் மோட்டார் வாகன விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கையையே நஷ்டஈட்டு மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. புரோக்கர் இதை வாயே திறக்க மாட்டார். ஸ்டேஷனில் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சிகிச்சைச் செலவைக் காட்டி அவசரப்படுத்துவதும் ஒரு தந்திரம். தமிழ்நாட்டில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசச் சிகிச்சை உண்டு. கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன் நடக்கும் என்று யாராவது சொன்னால் அது பொய்.

வக்காலத்து என்பது ஒரு பக்கத் தாள்தான். ஆனால் கோர்ட் பெயர், கட்சிக்காரர் பெயர், வக்கீல் பெயர், அவருடைய பார் கவுன்சில் பதிவு எண், தேதி இத்தனையும் நிரப்பிய பிறகே அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று போதும். மூன்று கேட்கிறார்கள் என்றால் ஒரே விபத்துக்கு வேறு கோர்ட்டிலும் மனு போடும் எண்ணம் இருக்கலாம். அது பிடிபட்டால் உண்மையான காயக்காரரையே இன்சூரன்ஸ் கம்பெனி மோசடிக்காரர் என்று சொல்லும். வெற்றுப் பத்திரத்துக்கு இந்த வழக்கில் எந்த வேலையும் இல்லை. அதைக் கேட்கிறவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

எங்கே மனு போடலாம்? விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் ஆகிய எல்லைகளில் ஏதாவது ஒன்றில். ராமேசுவரத்துக்குத் தரிசனத்துக்கு வந்து அடிபட்ட வெளியூர்க்காரர் தன் சொந்த ஊரிலேயே போடலாம். உள்ளூர்க்காரருக்கு ராமநாதபுரம் போதும். வேறு மாவட்டத்துக்கு இழுக்கிறார்கள் என்றால், நீங்கள் வாய்தாவுக்கு வந்து எட்டிப் பார்க்கக் கூடாது என்பதுதான் கணக்கு.

மனு போடக் கெடு ஆறு மாதம். 2022 ஏப்ரல் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு இது பொருந்தும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது என்றாலும், அதை நம்பி உட்கார வேண்டாம். தாமதத்துக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. நம் தீர்ப்பாயங்கள் வழக்கமாகப் போடும் 7.5 சதவீத வட்டி மனுத் தேதியிலிருந்துதான் ஓடும். ஆஜராகாமல் தள்ளுபடியான காலத்துக்கு வட்டி கிடையாது என்றும் பல தீர்ப்புகளில் எழுதிவிடுவார்கள். மேலே சொன்ன பெண்ணுக்கு அந்த வட்டியும் போனது.

தொகை எப்படி வருகிறது என்று தெரிந்தால் சமரசத்தில் ஏமாற மாட்டீர்கள். மாத வருமானம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் வருடத்துக்கு 1,44,000. சுயதொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்து 2,01,600. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கல் எண் 15, ஆக 30,24,000. வேலைத்திறன் இழப்பு 15 சதவீதம் என்றால் 4,53,600. மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்கள், கூட இருந்து பார்த்தவருக்கான தொகை எல்லாம் இதற்கு மேல். அந்த 15 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சண்டையே. கையில் 40 சதவீத ஊனம் என்றால் உடம்புக்கே 40 என்று ஆகாது. பாசி எடுக்கிறவருக்கும் வலை இழுக்கிறவருக்கும் மணிக்கட்டு மடங்காவிட்டால் தொழிலே போயிற்று. உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு அவ்வளவு பாதிப்பில்லை. இதை சாட்சிக் கூண்டில் எடுத்துச் சொல்ல வைக்காத வக்கீல் இருந்தும் பயனில்லை. தொழில் இழப்பு நிரூபணமாகாவிட்டால் சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று போட்டு முடித்துவிடுவார்கள்; தொகை பல மடங்கு இறங்கிவிடும்.

ஊனச் சான்றிதழை அவசரமாக வாங்கித் தருகிறேன் என்பார்கள். சிகிச்சை செய்யாத டாக்டர் கொடுத்த சான்றிதழைக் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள். எலும்பு சேர்ந்து, சிகிச்சை முடிந்தபின் அரசு மருத்துவக் குழுவிடம் வாங்குவதே நிற்கும். வருமானத்துக்கு மீனவர் நல வாரிய அட்டை, சங்க உறுப்பினர் புத்தகம், சரக்கு எடுத்த வியாபாரியின் சீட்டு, மகளிர் குழுக் கணக்கு எதுவானாலும் சேர்த்து வையுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் என்று சொல்லி விசைப்படகுத் தொழிலாளியின் வருமானத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். அந்த மாதங்களில் என்ன வேலை செய்தீர்கள் என்பதற்கும் பதில் தயாராக இருக்கட்டும்.

ஃபீஸ் விஷயம். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுவதையும், ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஊரெல்லாம் நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது என்பதால் சரியாகிவிடாது. குறிப்பிட்ட தொகை பேசி, தவணையாகக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் அரசு செலவில் வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். அந்தப் பாசிக்காரப் பெண்ணுக்கு இதெல்லாம் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியது.

மக்கள் நீதிமன்றம் கெட்டதல்ல, சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே கையெழுத்தான தொகைக்கு அப்பீல் இல்லை. நீங்களே நேரில் போய், தொகையை எண்ணாலும் எழுத்தாலும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். வழக்கமான தீர்ப்பு என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அப்பீல் போகலாம்.

பணம் ஏற்கெனவே நீங்கள் நடத்திவரும் கணக்குக்கே வரட்டும். ஏ.டி.எம். கார்டு, காசோலை, கையெழுத்திட்ட பணம் எடுக்கும் படிவம், ஓ.டி.பி. எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால்: ஈ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் பெயரையோ எஃப்.ஐ.ஆர். எண்ணையோ போட்டுத் தேடுங்கள். ராமநாதபுரத்தோடு நிறுத்தாமல் சிவகங்கை, மதுரை, விருதுநகரிலும் தேடுங்கள். எம்.சி.ஓ.பி. எண் (விபத்து நஷ்டஈட்டு மனுவின் எண்) கிடைத்ததும் மனுவின் நகலுக்குக் காப்பி அப்ளிகேஷன் போடுங்கள். கேஸ் கட்டைத் திருப்பிக் கேட்டு வக்கீலுக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. அவர் சம்மதிக்காவிட்டாலும் கோர்ட் அனுமதியோடு வக்கீலை மாற்றலாம். வங்கியில் காசோலைகளை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். பணம் இன்னும் தீர்ப்பாயத்தில் இருந்தால், என் கணக்கைத் தவிர வேறெங்கும் கொடுக்கக் கூடாது என்று அங்கேயே மனு கொடுங்கள். வக்கீல் மேல் புகார் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு. போலிக் கையெழுத்து என்றால் போலீசுக்கும்.

கடைசியாக ஒன்று. இந்தப் பக்கம் ஓடும் அரசு பஸ்கள் பெரும்பாலும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்தைச் சேர்ந்தவை. இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து அரசுக் கழகங்களுக்கு விலக்குத் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்போது பணம் தர வேண்டியது கழகமேதான். அது இழுத்தடித்தால் நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனா மூலம் பஸ்ஸையே ஜப்தி செய்யலாம். அந்தக் கட்டத்தில் "அமீனாவுக்கு, டெப்போவுக்கு" என்று தனியாகப் பணம் கேட்டு வருவார்கள். கோர்ட்டில் கட்ட வேண்டிய பேட்டா (படிக்காசு) எவ்வளவோ அதை மட்டும் கட்டி, ரசீது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.