சிவப்பு மூடி யூ-40 இன்சுலின் சிரிஞ்ச்: மருந்துக் குப்பியை (வயல்) பார்த்து வாங்குங்கள்

வேலூர் மருந்துக்கடையில் “இன்சுலின் ஊசி” என்று மட்டும் கேட்காதீர்கள். மூடி சிவப்பா ஆரஞ்சா என்று சொல்லிக் கேளுங்கள். சிவப்பு யூ-40: 1 மி.லி.க்கு 40 யூனிட், கோட்டுக்கு ஒரு யூனிட். 11 யூனிட்கூடத் தடுமாறாமல் எடுக்கலாம். ஊசி குழலோடு ஒட்டியிருப்பதால் நுனியில் மருந்து தங்குவதில்லை.

வயலில் 40 ஐயூ/மி.லி. (ஐயூ என்பது யூனிட்தான்) என்றிருந்தால் இதுதான் சரி. அதே மருந்தை ஆரஞ்சு யூ-100ல் (1 மி.லி.க்கு 100 யூனிட்) 20 கோடு வரை இழுத்தால் ஏறுவது 8 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. தலைகீழானால்தான் வினை. இன்சுலின் பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜின் 100 ஐயூ/மி.லி. மருந்தைச் சிவப்பில் 20 வரை உறிஞ்சினால் 50 யூனிட்! சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி வியர்வை, கைநடுக்கம், மயக்கம்.

இரண்டு வகை இன்சுலினைக் கலந்து போடும்போது, சீக்கிரம் வேலை செய்யும் தெளிந்த ரெகுலர் முதலில், மெதுவாக வேலை செய்யும் கலங்கலான என்பிஹெச் பிறகு. கலங்கல் வயலை உள்ளங்கையில் உருட்டுங்கள்; குலுக்கினால் நுரைத்து அளவு குறையும். திறந்த வயலையும் மே மாத வேலூர் வெயிலில் அலமாரியில் விடாதீர்கள். (ஃப்ரீசரும் கூடாது.)

குறை ஒன்று: மூடியைக் கழற்றியதும் நிறமும் போய்விடும். குழலில் அச்சிட்ட ‘40’ பொடி எழுத்து; இரவு டியூட்டி மங்கல் விளக்கில் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும்.