மைக்கின் முதுகு ஃபேனைப் பார்க்கட்டும்

திருத்தக் கொடுத்திருந்த கண்டென்சர் மைக், மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் வகை, போன கிழமை வீடு வந்து சேர்ந்தது. அன்றைக்கே நிலாவெளியில் இருக்கும் நண்பன் போன் எடுத்தான். "மச்சான், நீ வச்சிருக்கிற கண்டென்சரையே நானும் வாங்கவோ? கிட்டாருக்கு எங்க வைக்கிறது?" மூன்று வருடம் நான் பட்ட பாட்டைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை.

முதல் மாதம் முழுக்கக் கிட்டார்ப் பெட்டியின் வட்டத் துளைக்கு நேரே வைத்துத்தான் கெடுத்தேன். பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்ந்து அந்தத் துளையால்தான் வெளியே வருகிறது. என் மைக்கோ கார்டியாய்ட், அதாவது முன்பக்கச் சத்தத்தையே கூடப் பிடிக்கும் வகை; அது கிட்டப் போகப் போக அடிச் சத்தத்தை ஊதிப் பெருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஜி கோர்ட் வெறும் கும்மென்ற இரைச்சல். கிட்டார்க் கழுத்தில் 12ஆவது ஃபிரெட்டுக்கு (குறுக்கே பதித்த உலோகக் கம்பிக்கு) நேரே, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடத் தள்ளி வைத்ததும் கம்பிகள் தனித்தனியாகக் கேட்டன. சரி, அது எல்லாரும் சொல்வதுதான்.

என் தொல்லை ஃபேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் யன்னலைச் சாத்திவிட்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு ஒரு பாட்டு வாசித்துப் பாருங்கள். இரண்டாவது சரணத்தில் விரல் வியர்த்துக் கம்பியில் வழுக்கும். ஃபேனைப் போட்டால் பதிவு முழுக்க அதன் உறுமல். ஒரு வருடம் இதோடு மல்லுக்கட்டினேன்.

ஒருநாள் ஸ்டாண்டை உயர்த்தி, வலது தோளுக்கு மேலே காதுப் பக்கமாக வைத்து, கிட்டாரின் முன்பலகையைப் பார்க்கும்படி மைக்கைக் கீழே சாய்த்தேன். கார்டியாய்டுக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். இப்போது அந்த முதுகு நேரே கூரை ஃபேனைப் பார்க்கிறது! சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் ஃபேன் வேகத்தை ஒன்றில் வைத்து, மைக்குக்கு ஸ்பொஞ்ச் உறையும் போட்டால் வாசிப்புக்கு அடியில் அது அமுங்கிவிடுகிறது. பதிவும், வாசிக்கும்போது என் காதில் விழுவது போலவே இருந்தது. அன்று இரவு ஒரே பாட்டை ஏழு தடவை பதிந்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் விழும், முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

மாரியில் கதை மாறும். ஃபேன் தேவையில்லை, ஆனால் மைக் பொரியத் தொடங்கும். உள்ளே மெல்லிய சவ்வுக்கும் பின்தகட்டுக்கும் இடையில் மயிரிழை இடைவெளிதான். அங்கே ஈரம் ஏறினால் மின்னேற்றம் கசிகிறது. நல்ல வாசிப்பின் நடுவே ஈர விறகு வெடிப்பது போல 'பட்' என்று ஒரு சத்தம் விழும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தாண்டினால் கடல். உப்புக் காற்று வேறு. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வைத்தும் மூன்றாவது மாரியில் படுத்துவிட்டது. திருத்தியவர் சவ்வைத் துப்புரவாக்கித் தந்தார், அதற்கு வாங்கிய காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நண்பனிடம் வேண்டாம் என்றேன். ஷூர் எஸ்எம்57 எடு, 1965இலிருந்து இருக்கிற டைனமிக் மைக் (காந்தமும் கம்பிச் சுருளும் உள்ள முரட்டு வகை), கண்டென்சருக்கு வயர் வழியே கொடுக்கிற 48 வோல்ட் பேன்டம் பவரும் கேட்காது, கடலோர வீட்டுக்கு அதுதான் தோது என்றேன். மெல்லிய விரல் வாசிப்புக்கு மைக் சத்தத்தைப் பெருக்கும் ப்ரீஆம்பை நிறையக் கூட்ட வேண்டும், கண்டென்சரின் அந்தக் கூரிய மேல் சத்தமும் வராது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப உன்ரையை எனக்கு வித்துவிடன்" என்றான். அதற்கும் மாட்டேன் என்றுவிட்டேன்.