கெர்னல் செட்டிங்குகளுக்கு விளக்கம் எங்கே இருக்க வேண்டும்? மூன்று வழிகள், ஒரு அலசல்

ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ், ஓப்பன்பிஎஸ்டி என்ற மூன்று இயங்குதளங்களிலும், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அமைப்பை மாற்ற சிஸ்சிடிஎல் (sysctl) கட்டளைதான். ஆனால் ஒவ்வொரு செட்டிங்குக்கும் விளக்கத்தை எங்கே வைப்பது என்பதில் மூன்றும் வெவ்வேறு வழியில் போகின்றன.

ஃப்ரீபிஎஸ்டியில் விளக்கம் நிரலுக்குள்ளேயே இருக்கிறது. டெவலப்பர் ஒரு செட்டிங்கை அறிவிக்கும் நிரல் வரியிலேயே (மேக்ரோ) அதற்கான ஒரு வரி விளக்கத்தையும் எழுதிவிடுகிறார். சிஸ்சிடிஎல்லை '-d' ஆப்ஷனோடு ஓட்டினால் அந்த வரி திரையில் வரும். '-T' போட்டால், பூட் நேரத்தில் லோடர் (கெர்னலை ஏற்றும் நிரல்) வழியாக அமைக்கக்கூடியவை மட்டும் வரும். இணையமே இல்லாத சர்வரிலும் இது வேலை செய்யும். காட்டப்படுவதும் இப்போது ஓடும் கெர்னலின் விளக்கம்தான். வேறு பதிப்பின் ஆவணத்தைப் பார்த்து ஏமாற வழியில்லை. குறை என்னவென்றால், பல விளக்கங்கள் செட்டிங்கின் பெயரையே ஒரு வாக்கியமாக நீட்டி எழுதியவை. எப்போது மாற்றலாம், மாற்றினால் எது கெடும் என்பதற்கு அந்த ஒரு வரியில் இடமில்லை.

லினக்ஸில் செட்டிங்கை அறிவிக்கும் அட்டவணையில் பெயர், அளவு, அனுமதி எல்லாம் உண்டு. விளக்கத்துக்கு மட்டும் இடமில்லை. (கெர்னலோடு தனியாகச் சேர்க்கக்கூடிய துண்டுகளான மாட்யூல்களின் அளவுருக்களுக்கு மட்டும் விளக்கம் எழுத வசதி இருக்கிறது, மாட்இன்ஃபோ (modinfo) கட்டளை அதைக் காட்டவும் செய்யும். இங்கே ஏன் விட்டார்களோ!) விளக்கமெல்லாம் கெர்னல் மூலத்தோடு வரும் தனி ஆவணக் கோப்புகளில் இருக்கிறது. புதிய செட்டிங்கைச் சேர்ப்பவர் அந்தக் கோப்பைத் தொட மறந்தால், விளக்கமே இல்லாமல் ஒரு செட்டிங் உலவத் தொடங்கிவிடும்.

ஆனால் நன்றாக எழுதப்பட்ட இடங்களில் இந்த ஆவணத்துக்கு ஈடில்லை. ஸ்வாப்பினஸ் (swappiness) என்ற செட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் இடம் குறையும்போது அதில் உள்ளதை வழக்கமாக வட்டுக்கு நகர்த்துவதுதான் ஸ்வாப்; அது சம்பந்தப்பட்டது இது. இயல்பு மதிப்பு 60. இதை நினைவகத்தின் சதவீதம் என்று நம்புகிறவர்கள் இன்றும் நிறையப் பேர். ஆவணமோ, ஸ்வாப் செய்வதற்கும் கோப்புப் பக்கங்களை மீண்டும் படிப்பதற்கும் ஆகும் செலவின் ஒப்பீடு இது என்கிறது. 0 முதல் 200 வரை வைக்கலாம், 100 என்றால் இரண்டும் சமம், இசட்ரேம் போல நினைவகத்திலேயே ஸ்வாப் செய்பவர்கள் 100க்கு மேலும் போகலாம் என்றெல்லாம் அதிலேயே இருக்கிறது. இத்தனையையும் ஒரு வரியில் அடக்க முடியுமா?

ஓப்பன்பிஎஸ்டியின் வழி மேன் பக்கம், அதாவது கணினியிலேயே படிக்கக்கூடிய கையேட்டுப் பக்கம். எந்த செட்டிங் என்ன வகை, மாற்ற முடியுமா முடியாதா என்பதெல்லாம் அட்டவணையாகவே இருக்கும். கெர்னலும் மேன் பக்கங்களும் ஒரே மூல மரத்தில் வளர்வதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. லினக்ஸில் மேன் பக்கங்கள் தனித் திட்டம் என்பதால் அவை பின்தங்க வாய்ப்பு அதிகம்.

சரி, எது மேல்? அவசரத்துக்கு ஃப்ரீபிஎஸ்டி வழிக்குத்தான் என் ஓட்டு. ஆனால் ஒரு மதிப்பை மாற்றப்போகிறேன் என்றால் லினக்ஸ் பாணி நீள விளக்கம் இல்லாமல் கை வைக்க மாட்டேன். மூடிய இணைப்புகளைச் சீக்கிரம் மறுபயன்படுத்த வந்த 'டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள்' (tcp_tw_recycle) கதை தெரியும்தானே? நேட்டுக்கு (NAT, பல கணினிகள் ஒரே ஐபி முகவரியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கும் பயனர்களின் இணைப்புகளைக் கெடுத்த அந்த செட்டிங், லினக்ஸ் 4.12இல் தூக்கப்பட்டுவிட்டது. அதை 1 ஆக்கச் சொல்லும் பழைய டியூனிங் குறிப்புகள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்த மூன்றில் எதுவும் எட்டாத இடம் ஒன்று உண்டு: நாமே எழுதும் சிஸ்சிடிஎல் கான்ஃபிக் கோப்பு. லினக்ஸில் சோமேக்ஸ்கானின் (somaxconn, ஏற்கப்படக் காத்திருக்கும் இணைப்புகளின் வரிசைக்கான உச்ச வரம்பு) இயல்பு மதிப்பு முன்பு 128, பதிப்பு 5.4இல் 4096 ஆனது. கெர்னல் ஆவணத்தில் பழைய மதிப்பையும் குறித்திருக்கிறார்கள். நம் கோப்பில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லையென்றால், அன்றைக்கு 128ஐ உயர்த்துவதற்காக எழுதிய '1024' என்ற வரி, கெர்னலை மேம்படுத்திய பிறகு 4096ஐச் சத்தமில்லாமல் 1024ஆகக் குறைத்துக்கொண்டிருக்கும்.