மடியை இழுத்தால் மாடி: மண்டபம் பக்கத்துப் பாட்டுக் கடை எப்படி?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில், புதுப் படகு இறக்குவதற்கும், முளைப்பாரிக்கும், சந்தனக்கூட்டுக்கும் பாட்டெழுதி, பாடிப் பதிந்து தரும் சின்ன ஸ்டுடியோ இது. பல்லவி, இரண்டு சரணம், பாடகர் கூலி, கரோக்கி எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய். நாலு நாளில் கைக்கு வந்துவிடும். பதிவில் குறையில்லை. தவில் மட்டும் கீபோர்டுத் தவில், போகட்டும். பேச வேண்டியது வரிகளைப் பற்றித்தான்.

மெட்டு முதலில் 'தான தனதனா' என்று சொல்லில்லாத தத்தகாரமாக வாட்ஸ்அப்பில் வரும். படகுப் பாட்டில் அந்த இடத்துக்கு முதலில் எழுதியது 'மடி நிறையுதே'. வலையில் மீன் சேரும் பையான மடி நிறைகிறது, தாளில் சரி. ஆனால் மெட்டு அங்கே நெடில் கேட்கிறது. பாடகர் 'ம'வை இழுத்ததும் 'மாடி நிறையுதே' ஆகிவிட்டது. திருத்தி வந்தது இது:

கூடை நிறையுதே கூலி நிறையுமோ

கூடை, கூலி இரண்டும் 'தான'வில் அச்சாக உட்காருகின்றன. 'டை'யில் ஐகாரம் குறுகிவிடுவதால் உறுத்தல் இல்லை. நெடிலுக்காகத் தேடிய சொல் மோனையை இழுத்து வந்தது. மோனை கூலிக் கேள்வியை இழுத்து வந்தது. மெட்டை எடுத்துவிட்டு வாசித்தாலும் வரி நிற்கிறது. (படகு முதலாளி காசில் இது எப்படித் தப்பியதோ!) தொடரும் 'ஏலேலோ'வும் ஒப்புக்கு வைத்ததல்ல. கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டைப் போல ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுப்புக்குச் சரியாக வாங்கிப் பாடலாம்.

சறுக்குவது ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி விற்கும் ரெடிமேட் பாட்டில். 'தொண்டி' இருந்த இடத்தில் 'தேவிபட்டினம்' என்று ஐந்து ஓசையைத் திணித்தால் பாடகர் பாதியை முழுங்கத்தான் செய்வார். காற்றும் தப்பு. 'வாடை வந்தால் கொந்தளிக்கும்' என்பது வடகடல் (பாக் நீரிணை) ஊர்களுக்குப் பொருந்தும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் பாடினால் சிரிப்பார்கள்; வாடைக் காலத்தில் அங்கே கடல் படிந்து கிடக்கும், ஆட்டிவைப்பது மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்றும்தான்.

வெளியூர்ப் பாடகர் என்றால் விளைமீன் விலைமீன் ஆகிவிடும், கவனம். 'பாய்மரம் ஏறும்' வரியில் 'பாய்' என்று நிறுத்தி மூச்சு வாங்கினாலோ, யாரோ ஒரு பாய் மரமேறுகிறார்! ஊர்ச் சொற்களையும் மூச்சு விடும் இடங்களையும் தாளிலேயே குறித்துக் கொடுப்பது நல்லது.

இலவசத் திருத்தம் ஒன்றுதான். அதைப் பாடுவதற்கு முன்பே, வரியைத் தத்தகாரத்தோடு ஒட்டிப் பார்த்துச் செய்துகொள்ள வேண்டும். பாடிய பிறகு மாற்றினால் பாடகர் கூலி மறுபடியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பெயின்ட் அடித்துக்கொள்ளும். அப்போது பாட்டு ஆர்டரும் குவியும், நாலு நாள் பத்து நாளாகும். மார்ச்சிலேயே சொல்லி வைப்பது உத்தமம்.