கெஸ்டபோ தலைமையகமா, ஸ்டாசி தலைமையகமா?

பெர்லினில் கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எங்கே போவது?

பழைய பிரின்ஸ் ஆல்பிரெக்ட் வீதி 8-இல் இருந்த கெஸ்டபோ (நாஜிகளின் ரகசியக் காவல்துறை) தலைமையகம் இன்று இல்லை. போரில் சிதைந்த கட்டடத்தைப் பின்னர் இடித்துத் தள்ளிவிட்டார்கள். மிஞ்சியிருப்பவை தோண்டியெடுத்த நிலவறைச் சுவர்களும் அவற்றையொட்டி நிற்கும் பெர்லின் சுவரின் ஒரு துண்டும்தான். அனுமதி இலவசம். ஆவணப் பலகைகளை நின்று படிக்கப் பொறுமை வேண்டும்.

பெர்லினின் லிச்டென்பெர்க் பகுதியில், ஸ்டாசி (பழைய கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல்துறை) தலைமையகம் அப்படியே நிற்கிறது. 1990 ஜனவரி 15 அன்று மக்கள் உள்ளே புகுந்தார்கள். ஸ்டாசியின் தலைவராக இருந்த அமைச்சர் மீல்கேயின் அறையில் மரப்பலகை பதித்த சுவர், தொலைபேசிகள், நாற்காலிகள். யாரோ ஒரு வங்கி மேலாளரின் அறை போல. அந்தச் சாதாரணம்தான் நெஞ்சை அடைக்கிறது. 1976-இல் வகுத்த விதிப்படி, ஸ்டாசிக்காரர்கள் கைது செய்யாமலே வதந்தி பரப்பி, வேலையைக் கெடுத்து, நட்பைப் பிரித்து ஆளை உடைத்தார்கள். அதற்குச் 'சிதைத்தல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1989-இல் முழுநேர ஊழியர்கள் மட்டும் ஏறத்தாழ 91,000 பேர். உளவு சொன்னவர்களில் அண்டை வீட்டாரும் உண்டு, கட்டிய கணவனும் உண்டு.

கொன்று குவித்த அளவில் ஸ்டாசியைக் கெஸ்டபோவுக்கு அருகில் வைக்கவே முடியாது. ஆனாலும் துன்புறுத்தல் எப்படி அன்றாட அலுவலக வேலையாகிறது என்று கண்ணால் பார்க்க லிச்டென்பெர்க்கையே சொல்வேன். காலையிலேயே போய்விடுங்கள்.