ஜிபியுவா, எஃப்பிஜிஏவா, ஏசிக்கா? டேட்டா சென்டருக்கு எது கட்டுப்படியாகும்?

45 நானோமீட்டர் சிப் ஒன்றில் இரண்டு 8 பிட் எண்களைக் கூட்ட ஆகும் ஆற்றல் சுமார் 0.03 பிக்கோஜூல். அதையே எல்லா வேலைக்கும் பொதுவான சிப்பான சிபியுவிடம் ஒரு கட்டளையாகக் கொடுத்தால், கட்டளையை எடுத்து, பிரித்துப் பார்த்து, ரெஜிஸ்டர் என்ற உள் சேமிப்பிடத்தைத் தொட்டு முடிப்பதற்குள் 70 பிக்கோஜூல் அளவுக்குக் கரைந்துவிடுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தலைப்பில் உள்ள மூன்று சிப்களும் போட்டி போடுவது இந்தச் சுமைகூலியைக் குறைக்கத்தான்.

பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் ஜிபியு, கூலியைப் பங்கு போடுகிறது. என்விடியா சிப்பில் 32 த்ரெட்கள், அதாவது 32 தனித்தனி வேலை இழைகள், ஒரே கட்டளையில் நகரும். மென்பொருள் எல்லாம் தயாராக இருப்பது பெரிய வசதி. ஆனால் என்விடியாவின் எச்100 ஜிபியு ஒன்றே 700 வாட் வரை இழுக்கும், அந்தச் சூட்டை வெளியேற்றும் செலவு தனி.

எஃப்பிஜிஏவில் சிப்பை வாங்கிய பிறகும் உள்ளே இருக்கும் சுற்றையே நமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் 1,632 சர்வர்களில் இதைப் பொருத்திப் பார்த்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டது. பிங் தேடலின் தரவரிசைப் பகுதியில் ஒவ்வொரு சர்வரும் கையாளும் வேலை 95 சதவீதம் கூடியது, மின்செலவு ஏறியது 10 சதவீதம் அளவுக்குத்தான். கேட்க நன்றாக இருக்கிறது. சுற்றை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் ஒரு வரியைத் திருத்திவிட்டு, அது சிப்பில் ஏறும் வடிவத்துக்கு வர மணிக்கணக்கில் காத்திருந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

ஏசிக் பிடிவாதக்காரன்: ஒரே வகை வேலைக்கென்று செய்த சிப், செய்தபின் சுற்றை மாற்ற முடியாது. ஏஐ கணக்குகளுக்காகக் கூகுள் செய்த ஏசிக்கான முதல் டிபியுவில் 65,536 பெருக்கிகள் வரிசைகட்டி நிற்கும். உள்ளே நுழைந்த எண் ஒரு பெருக்கியிலிருந்து பக்கத்துப் பெருக்கிக்குக் கைமாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு தடவையும் நினைவகத்துக்கு ஓடாது. அக்காலத்துச் சிபியு, ஜிபியுவைவிட 15 முதல் 30 மடங்கு வேகம், வாட்டுக்கு 30 முதல் 80 மடங்கு வேலை என்கிறது கூகுளின் 2017 ஆய்வுக்கட்டுரை. அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை யாரும் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை: 10 சதவீதச் சுமையில் ஓடும்போதும் அது முழுச் சுமை மின்சாரத்தில் 88 சதவீதத்தை விழுங்கியது. சும்மா கிடக்கும் ஏசிக் சிக்கனமே இல்லை. அப்புறம், அந்த முதல் தலைமுறை பயிற்சி பெற்ற மாடலை ஓட்டத்தான் செய்யும்; பயிற்சிக்கு 2017-இல் வந்த அடுத்த தலைமுறை தேவைப்பட்டது.

சரி, எதை வாங்குவது? வேலை எவ்வளவு காலம் மாறாமல் இருக்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எச்.264 வீடியோ முறை வந்தது 2003-இல், இன்னும் ஓடுகிறது. யூடியூபுக்காகக் கூகுள் தனி வீடியோ சிப் செய்தது அதனால்தான் நியாயமாகப் படுகிறது. ஆனால் ஏஐ மாடல்கள் வருடத்துக்கு வருடம் உருமாறுகின்றன. சொந்தமாகச் சிப் செய்யும் வசதி இல்லாதவர்களுக்கு அங்கே ஜிபியுதான். நெட்வொர்க் பாக்கெட்டுகளை வழியிலேயே அலசும் வேலைக்கு எஃப்பிஜிஏ.

இவற்றில் எதற்கும் கை நீட்டுமுன், நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும் ப்ரொஃபைலரை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். மொத்த நேரத்தில் 30 சதவீதமே எடுக்கும் பகுதியைக் கண் இமைக்கும் நேரத்தில் முடித்தாலும், முழு வேலை சுமார் 1.4 மடங்குதான் வேகமாகும்.